கொலைக் கேஸில் எல்விஸ் இல்லை

வணக்கம் ஐயா. பழைய அமெரிக்கப் பாடல்களைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, ஓரியோல்ஸ் குழு 1953இல் பாடிய ‘க்ரையிங் இன் த சேப்பல்’ பாட்டைத் தேடிக் கேட்டேன். இத்தனை நாளும் அதை எல்விஸ் பிரெஸ்லியின் பாட்டு என்றே நினைத்திருந்தேன். கறுப்பர்களின் பாட்டை வெள்ளைக்காரர்கள் எடுத்துக்கொண்டதால்தான் இந்தக் குழுக்கள் காணாமல் போயின என்று சொல்லலாமா?

எஸ்., மதுரை

அன்புள்ள எஸ்.,

பொதுவாகச் சொல்லலாம், அந்தக் காலத்தில் அப்படி நிறையவே நடந்தது. ஆனால் இந்தப் பாட்டை வைத்துச் சொல்ல முடியாது. இதை எழுதியவர் ஆர்ட்டி க்ளென் என்ற வெள்ளைக்காரர். தன் மகன் டேரல் பாடுவதற்காக எழுதிய கன்ட்ரி பாட்டு, அதாவது வெள்ளையர்களின் கிராமியப் பாணிப் பாட்டு. ஓரியோல்ஸ்தான் அதை எடுத்துத் தங்கள் பாணியில் பாடினார்கள். எல்விஸின் தட்டு வெளிவந்தது 1965இல். பழைய குழு கலைந்து பத்து வருடம் ஆகியிருந்தது. கருமாதி முடிந்த பிறகு ஊருக்கு வந்தவரைக் கொலைக் கேஸில் சேர்க்கக் கூடாது.

ஓரியோல்ஸ் குழுவினர் பால்டிமோர் நகரத்துப் பையன்கள். டெபரா செஸ்லர் என்ற இளம் யூதப் பெண், கடையில் விற்பனை வேலை பார்த்துக்கொண்டு பாட்டு எழுதியவர், இவர்கள் பாடுவதைத் தொலைபேசியில் கேட்டுவிட்டு மேனேஜராகச் சேர்ந்தார். நிறப் பிரிவினை இருந்த ஊரில் அதற்குத் தனித் துணிச்சல் வேண்டும். 1948இல் ஆர்தர் காட்ஃப்ரி நடத்திய திறமைப் போட்டியில் பாட வைத்தார். பரிசு பியானோ வாசித்த ஜார்ஜ் ஷியரிங்குக்குப் போனது. இவர்களுக்கு ஒலிப்பதிவு வாய்ப்பு கிடைத்தது. பால்டிமோர் இருக்கும் மேரிலாந்தின் மாநிலப் பறவையான ஓரியோலின் பெயரைச் சூட்டிக்கொண்டார்கள். அண்டங்காக்கையின் பெயரில் ரேவன்ஸ் என்ற பாட்டுக் குழு முன்பே இருந்தது. பின்னால் ஃபிளமிங்கோ, பெங்குவின் என்று ஒரு சரணாலயமே கிளம்பியது.

நீங்கள் கேட்க வேண்டியது அந்த முதல் தட்டை: செஸ்லர் எழுதிய ‘இட்ஸ் டூ சூன் டு நோ’. அவளுக்கு என் மேல் காதல் உண்டா, இப்போதே எப்படிச் சொல்வது? விஷயம் இவ்வளவுதான். பின்னணியில் வாத்தியம் என்று சொல்லிக்கொள்ளப் பெரிதாக ஒன்றும் கிடையாது. குழுவின் முதன்மைப் பாடகர் சன்னி டில் ஒரு சொல்லைப் பாடிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போகலாமா என்று யோசிப்பது போலப் பாடுகிறார். அலெக்சாண்டர் ஷார்ப்பின் உச்சக்குரல் வார்த்தையே இல்லாமல் மேலே மிதக்கிறது. நடுவில் ஜார்ஜ் நெல்சன் தடித்த குரலில் நுழைகிறார், கூச்சப்படும் தம்பிக்காக அண்ணன் பேச வந்தது போல. நான்கைந்து முறை கேட்ட பிறகும் அந்த இடம் வரும்போது கையில் இருக்கும் வேலையை நிறுத்திவிடுகிறேன்.

1948 நவம்பரில் அது பில்போர்டு பத்திரிகையின் கறுப்பர் இசைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. அந்தப் பட்டியலுக்கு அப்போது ‘ரேஸ் ரெக்கார்ட்ஸ்’ என்று பெயர். ரிதம் அண்ட் புளூஸ் என்று மாற்றியது 1949இல்தான். பாப் பட்டியலிலும் 13ஆம் இடம் வரை போனது. எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டு, டைனா வாஷிங்டன் போன்ற பெரிய கைகளும் உடனே அதைப் பாடினார்கள்.

1949இல் ‘டெல் மீ சோ’ பாட்டுக்கும் முதலிடம். மறு வருடம் நவம்பரில் நடந்த கார் விபத்தில் கிட்டார் வாசித்த டாமி கெய்தர் இறந்துபோனார். நெல்சனுக்கும் ஜானி ரீடுக்கும் காயம். 1951இல் டாமினோஸ் குழுவின் ‘சிக்ஸ்டி மினிட் மேன்’ என்ற துள்ளல் பாட்டு 14 வாரம் முதலிடத்தில் உட்கார்ந்தது. கேட்பவர்களுக்கு ஆட்டம் தேவைப்பட்டது. டில்லின் கலையே தயக்கம்தான். அதை வேகமாகப் பாடினால் என்ன மிஞ்சும்? 1953இல் நெல்சனும் விலகிவிட்டார். அந்த நிலையில் வந்ததுதான் நீங்கள் கேட்ட பாட்டு. பெரிய வெற்றி, மறுக்கவில்லை. என் காதுக்குக் கொஞ்சம் திகட்டுகிறது.

அதற்குப் பிறகு அந்த அளவுக்கு எதுவும் ஓடவில்லை. செஸ்லர் விலகினார், மற்றவர்களும் பிரிந்தார்கள். ரீகல்ஸ் என்ற வேறொரு குழுவை அப்படியே சேர்த்துக்கொண்டு டில் பழைய பெயரிலேயே தொடர்ந்தார். 1981இல் காலமானார்.

இன்னொன்று. 1954இல் பால்டிமோருக்கு ஒரு பேஸ்பால் அணி வந்து சேர்ந்தது, பெயர் ஓரியோல்ஸ். இணையத்தில் வெறுமனே தேடினால் மட்டையும் தொப்பியுமாக அவர்கள்தான் வருவார்கள். சன்னி டில் பெயரையும் சேர்த்துத் தேடுங்கள்.