பழைய ரங்கூன் கார்டுகளை எப்படிப் படிப்பது?

தாத்தா ரங்கூனிலிருந்து ஊருக்குப் போட்ட தபால் கார்டுகளில் எழுத்து அழகாக இருந்தும் பாதி புரியவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். இங்கே யாங்கோனில், அதாவது அந்தப் பழைய ரங்கூனில், பழைய தமிழ்க் குடும்பங்களின் பெட்டிகளிலும் இதே மாதிரி கார்டுகள் உண்டு.

முதலில் மையைப் பாருங்கள். தொட்டெழுதும் பேனா என்றால், தோய்த்த இடத்தில் எழுத்து கருத்திருக்கும், நாலைந்து சொல்லில் வெளிறும், மறுபடி கருக்கும். எங்கே நிறுத்தி யோசித்தார் என்பதுகூடச் சில சமயம் தெரியும்.

உச்சியில் பிள்ளையார் சுழி. அப்புறம் தேதி: ௵ வருடம், ௴ மாதம், ௳ தேதி. ௹ ரூபாய், ௸ மேற்படி. முகல் தெருவில் வட்டிக்கடை வைத்திருந்த செட்டியார்களுக்குக் கணக்கேட்டில் பழகிய குறிகள் இவை. இவற்றால் கார்டில் இடமும் மிச்சமாகும். புள்ளி வைக்காத மெய்யெழுத்து, 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய ணை, லை போன்ற எழுத்துகளின் பழைய வடிவங்கள் இரண்டும்தான் உங்களைத் தடுக்கின்றன. வாய்விட்டுப் படித்தால் பிடிபடும். இடம் தீர்ந்தால் ஓரத்தில் குறுக்காகத் திரும்பி எழுதுவார்கள். என்னைக் கேட்டால் முக்கியமான சேதி அங்கேதான் இருக்கும்!

மூலையில் மஞ்சள் கறை இருந்தால் சுபச் செய்தி. சாவுச் செய்தி வந்த கார்டைப் படித்ததும் கிழித்துப்போடுவது வழக்கம், அதனால் அது கிடைப்பது அபூர்வம்.

தேதி அழிந்திருந்தால் தபால்தலையைப் பாருங்கள். 1937 ஏப்ரல் 1-இல்தான் பர்மா இந்தியாவிலிருந்து பிரிந்தது. அதுவரை இங்கே இந்தியத் தபால்தலைதான். பிரிந்ததும் அதன்மேலேயே பர்மா என்று ஆங்கிலத்தில் அச்சடித்து விற்றார்கள்.