மட்டக்களப்பு வீட்டுக்கு எந்த வெந்நீர் ஹீட்டர் சிக்கனம்?

நீங்கள் கேட்டிருப்பது இது: மட்டக்களப்பு நகரில் வீடு, நான்கு பேர், அதில் ஒருவர் மூட்டுவலிக்கார அம்மா. குளியலறையில் மாட்டியிருக்கும் 50 லீட்டர் மின்சாரத் தாங்கி ஒழுகத் தொடங்கிவிட்டது. அதைக் கழற்றிவிட்டுச் சோலார் வெந்நீர் ஹீட்டர் போடுவதா, ஹீட் பம்ப் வாங்குவதா, எதில் கரண்ட் பில் குறையும்?

நான் மட்டக்களப்புக் கல்லடியில் இருக்கிறேன், அந்த அனுபவத்தில் சொல்கிறேன். உங்கள் வீட்டுக்குச் சோலார் வெந்நீர் ஹீட்டர் வேண்டாம். சோலாரைக் குறை சொல்லவில்லை. நமக்கு வெந்நீர் தேவைப்படும் மாதமும் வெயில் எரிக்கும் மாதமும் ஒன்றுக்கொன்று முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கின்றன, அவ்வளவுதான்.

யோசித்துப் பாருங்கள். சித்திரையிலிருந்து ஆவணி வரை இங்கே யார் வெந்நீரில் குளிக்கிறார்கள்? கச்சான் காற்று அடிக்கும் நாட்களில் மத்தியானம் குழாயைத் திறந்தால், கூரைமேல் இருக்கும் கறுப்புத் தாங்கியிலிருந்து வரும் தண்ணீரே கையைச் சுடும். வாளியில் பிடித்து ஆறவைத்துத்தான் குளிக்கிறோம். நாம் வெந்நீர் தேடுவது மாரி பிடித்த பிறகு. கார்த்திகை, மார்கழி, தையில், வாடையும் கூதலும் சேர்ந்து வரும்போது. மட்டக்களப்பு மழையில் பெரும்பங்கு கொட்டுவதும் அந்த மாதங்களில்தான். நாலைந்து நாள் வானம் விடாமல் மூடிக்கிடந்தால் கூரையில் வெயிலைப் பிடித்துத் தண்ணீரைச் சூடாக்கும் தகடு என்ன செய்யும்?

"அதற்குத்தானே உள்ளே மின்சாரக் கொயில் இருக்கிறது" என்று விற்பவர் சொல்வார். அங்கேதான் கணக்கு உதைக்கிறது. ஒரு லீட்டர் தண்ணீரை ஒரு பாகை சூடாக்க 4.186 கிலோயூல் வேண்டும். ஒரு யூனிட் மின்சாரம் என்பது 3600 கிலோயூல். 150 லீட்டர் சோலார் தாங்கி ஒன்றை 26 பாகையிலிருந்து 55 பாகைக்குக் கொயிலால் ஏற்றினால் ஏறக்குறைய 5 யூனிட் போய்விடும். நீங்கள் ஒரு வாளி மட்டும் எடுத்தாலும் முழுத் தாங்கியும் சூடாகித்தான் நிற்கும், மழையிலும் காற்றிலும் கூரைமேல் நின்று ஆறும், கொயில் திரும்பவும் வேலை செய்யும்.

இதை ஷவரோடு மாட்டும் 3.5 கிலோவாட் இன்ஸ்டன்ட் ஹீட்டரோடு ஒப்பிடுங்கள். பத்து நிமிடம் ஓடினால் 0.58 யூனிட். நாலு பேருக்கும் சேர்த்து 2.3 யூனிட். தண்ணீர் ஓடும்போது மட்டும் சூடாக்குவதால் ஆறிப்போகிற நட்டம் இல்லை. அந்த ஹீட்டரால் நிமிடத்துக்கு ஏறக்குறைய நாலு லீட்டர் தண்ணீரை 12 பாகை உயர்த்த முடியும். குளிர்நாடுகளில் இது விளையாட்டுச் சாமான். நமக்கோ மார்கழியிலும் குழாய்த் தண்ணீர் 25, 26 பாகையில் வருகிறது. 38 பாகைக்குப் போனால் போதும்.

வாளிக் குளியல் இன்னும் மலிவு. 15 லீட்டர் வாளிக்கு அதே 12 பாகை ஏற்ற 0.21 யூனிட்தான் தேவை. கெட்டிலில் கொதிக்க வைத்த இரண்டரை லீட்டர் தண்ணீரைப் பன்னிரண்டரை லீட்டர் பச்சைத் தண்ணீரோடு கலந்தால் சரியாக அந்தச் சூடு வரும். பச்சைத் தண்ணீரை முதலில் ஊற்றிவிட்டுக் கொதிநீரைப் பிறகு ஊற்றுங்கள், பிள்ளைகள் உள்ள வீட்டில் இது முக்கியம். ஆனால் உங்கள் அம்மாவுக்கு இதைச் சொல்ல மாட்டேன். மூட்டுவலியோடு கொதிநீரைத் தூக்கிக்கொண்டு ஈரத் தரையில் நடப்பது வேண்டாத வேலை. அவர் குளிக்கும் அறையில் இன்ஸ்டன்ட் ஹீட்டர் ஒன்று, உட்கார்ந்து குளிக்க ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல், சுவரில் ஒரு கைபிடி. மற்ற மூவரும் கெட்டிலோ அதே ஷவரோ, அவரவர் விருப்பம்.

இனி பில். நம் வீட்டுக் கட்டணம் படிப்படியாக ஏறுவது தெரியும்தானே? மாதம் 60 யூனிட்டைத் தாண்டிய வீடுகளுக்கு 90, 120, 180 என்று படிகள்; ஒவ்வொரு படியிலும் யூனிட் விலையும் கூடும், நிலையான கட்டணமும் கூடும். நாலு பேரும் தினமும் பத்து நிமிடம் இன்ஸ்டன்ட் ஷவரில் நின்றால் மாதத்துக்கு 70 யூனிட். எல்லோரும் வாளியென்றால் 25. ஏற்கனவே 85 யூனிட் எரிக்கும் வீடு முதல் கணக்கில் 155க்குப் போய்விடும். இரண்டாவதில் 110இல் நின்றுவிடும். ஆகவே ஹீட்டர் விளம்பரத்தில் போட்டிருக்கும் "இத்தனை வீதம் சேமிப்பு" என்பதை விட, உங்கள் பில் எந்தப் படியில் நிற்கிறது என்பதைப் பாருங்கள்.

எப்படிப் பார்த்தாலும் மூன்று மாதம்தான். தினமும் நாலு பேரும் ஷவரில் நின்றாலும் வருடத்துக்கு 210 யூனிட். யூனிட் அறுபது ரூபா என்று வைத்துக்கொண்டால் பன்னிரண்டாயிரத்து அறுநூறு ரூபா. சோலார் ஹீட்டருக்கு உங்களிடம் சொன்ன விலையை இதால் வகுத்துப் பாருங்கள். எத்தனை வருடத்தில் முதல் திரும்பும் என்று வரும். அதுவும் மழைக்காலத்தில் முழுச் செலவையும் சோலாரே மிச்சம் பிடித்துவிடும் என்ற நம்பிக்கையில்.

அப்படியானால் சோலார் ஹீட்டர் நம் பக்கத்தில் யாருக்குமே சரிவராதா? நன்றாகச் சரிவரும் இடம் ஒன்று உண்டு. என் அத்தான் அறுகம்பையில் சிறிய விருந்தினர் விடுதி நடத்துகிறார். அங்கே அலைச்சறுக்குக் காலம் சித்திரையிலிருந்து ஐப்பசி வரை, அதாவது அசல் வெயில் காலம். காலையிலும் பின்னேரத்திலும் கடலில் கிடந்துவிட்டு வரும் வெள்ளைக்காரருக்கு வெந்நீர் வேண்டும். வெயிலில் வெந்த தோலோடு ஏன் வெந்நீர் கேட்கிறார்கள் என்பது எனக்கு இன்னும் புரியவில்லை, அது அவர்கள் பாடு. பகல் முழுக்கக் காய்ந்த தாங்கி பின்னேரம் ஐந்து மணிக்குத் தயாராக நிற்கும். மழை தொடங்க விருந்தினரும் போய்விடுவார்கள், தாங்கியை மூடிவிடலாம். நம் வீட்டில் பொருந்தாத அதே சாமான் அங்கே அச்சாகப் பொருந்துகிறது. இந்தப் பக்கம் வெயில் சராசரியாக நாளுக்குச் சதுர மீட்டர் ஒன்றுக்கு 5 யூனிட்டை ஒட்டிக் கிடைக்கும். இரண்டு சதுர மீட்டர் தகடு அதில் பாதியைப் பிடித்தாலே 5 யூனிட் சூடு. தினமும் ஆறேழு பேர் குளிக்கிற இடத்தில் அது பெரிய காசு.

அங்கே பார்த்ததில் சில விஷயம், விடுதிக்காரர் யாராவது இதை வாசித்தால் உதவும். பம்ப் இல்லாத சோலார் ஹீட்டரில் சூடான தண்ணீர் இலேசாகித் தானே மேலே ஏறித் தாங்கிக்குப் போகிறது. அதனால் தாங்கி தகட்டுக்கு மேலே இருக்க வேண்டும், தகடு பத்துப் பதினைந்து பாகையாவது சாய வேண்டும். தெற்குப் பார்த்துத்தான் வைக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்பார்கள். அறுகம்பை இருப்பது நிலநடுக்கோட்டுக்கு ஏறக்குறைய 7 பாகை வடக்கில். ஏப்ரல் இரண்டாம் வாரத்திலிருந்து செப்டெம்பர் தொடக்கம் வரை மத்தியானச் சூரியன் அங்கே உச்சிக்கு வடக்கே நிற்கும். ஆகவே இவ்வளவு சிறிய சாய்வுக்குத் திசையைப் பற்றிச் சண்டை பிடிக்கத் தேவையில்லை. தென்னை நிழல் விழாத இடமா என்று பாருங்கள். தென்னை பக்கத்தில் நின்றால் கண்ணாடிக் குழாய் வகையை மறந்துவிடுங்கள், ஒரு தேங்காய் போதும். கடற்காற்றில் சாதாரண இரும்பு ஆணிகள் சீக்கிரம் துருவாகும், துருப்பிடிக்காத உருக்கு ஆணி கேட்டு வாங்குங்கள். நல்ல வெயிலில் தாங்கித் தண்ணீர் 60 பாகையைத் தாண்டும். அந்தச் சூட்டில் சில நொடியிலேயே தோல் வெந்துவிடும் என்பதால், பச்சைத் தண்ணீரைக் கலந்து சூட்டைக் குறைக்கும் வால்வு கட்டாயம்.

பாரத்தையும் நினையுங்கள். 150 லீட்டர் தாங்கியென்றால் தண்ணீர் மட்டுமே 150 கிலோ. கொங்கிரீட் கூரைக்கு அது பொருட்டல்ல. ஓட்டுக் கூரைக்கும் சீட்டுக் கூரைக்கும் பாரம் தாங்கத் தனியாகச் சட்டம் கட்ட வேண்டும். 1978 நவம்பர் சூறாவளியில் மட்டக்களப்புக் கூரைகளுக்கு என்ன ஆனது என்று வீட்டில் மூத்தவர்களைக் கேட்டுவிட்டு, அந்தச் சட்டத்தை எப்படி இறுக்குவது என்று முடிவெடுங்கள்.

ஹீட் பம்ப் பற்றி. குளிர்சாதனப் பெட்டி உள்ளே இருக்கும் சூட்டை வெளியே தள்ளுகிறதல்லவா, அதைத் திருப்பிப்போட்ட வேலைதான் இது: வெளிக்காற்றில் உள்ள சூட்டை எடுத்துத் தண்ணீருக்குள் தள்ளும். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று யூனிட் அளவு சூடு கிடைக்கும். காற்று சூடாக இருக்கும் இடத்தில் நன்றாக வேலை செய்யும், மழை நாளிலும் நிற்காது. அந்த 5 யூனிட் கணக்கு இங்கே 1.7 ஆகிவிடும். ஆனாலும் நாலு பேர் மூன்று மாதம் குளிக்க இதை வாங்குவது அதிகப்படி. வருடம் முழுக்கத் தினமும் வெந்நீர் வேண்டிய வீடு, கைக்குழந்தையும் படுக்கையில் இருக்கும் வயதானவரும் ஒன்றாக உள்ள வீடு, வருடம் முழுக்க ஆள் வரும் விடுதி என்றால் இதைத்தான் முதலில் விசாரிக்கச் சொல்வேன். வாங்குமுன், பழுதானால் மட்டக்களப்புக்கு வந்து பார்க்க ஆள் இருக்கிறாரா, உதிரிப்பாகம் கொழும்பிலிருந்து வர எத்தனை நாள் என்று கேளுங்கள். வருகிற பதிலிலேயே கடையின் தராதரம் தெரியும்.

ஒழுகும் பழைய தாங்கியைத் திருத்தி வைத்திருக்கலாம் என்று யாராவது சொன்னால், அதை நாள் முழுக்கப் போட்டு வைக்கும் பழக்கம் வீட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். யாரும் குளிக்காவிட்டாலும் 50 லீட்டர் தாங்கி சூட்டைக் காத்துக்கொள்ள நாளுக்கு ஒரு யூனிட் வரை தின்னும். குளிக்க அரை மணி முன் போட்டு, குளித்ததும் அணைத்தால் அந்த நட்டம் பெருமளவு போய்விடும். சுவிட்சை அணைக்க ஞாபகம் வைத்திருக்கும் ஆள் உங்கள் வீட்டில் யார் என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

இன்ஸ்டன்ட் மாட்டும்போது ஒரு விஷயத்தில் மட்டும் காசு பார்க்காதீர்கள். 3.5 கிலோவாட் என்றால் 15 அம்பியருக்கு மேல் இழுக்கும். 13 அம்பியர் பிளக்கில் சொருகக்கூடாது, சொருகினால் பிளக் உருகும். மெயின் போர்டிலிருந்து தனி வயர், தனி பிரேக்கர், நல்ல எர்த், மின்சாரம் கசிந்தால் தானே விழுந்து கரண்டை வெட்டும் ட்ரிப் சுவிட்ச். ட்ரிப் சுவிட்சில் உள்ள பரிசோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள், விழாவிட்டால் முதலில் அதை மாற்றுங்கள். வீட்டு இணைப்பு 30 அம்பியர் என்றால் இரண்டு குளியலறையிலும் ஒரே நேரத்தில் ஹீட்டர் ஓடவே கூடாது. 6 கிலோவாட் ஹீட்டர் ஒன்றே 26 அம்பியர் எடுத்துவிடும், அதை வாங்கவே வேண்டாம்.

தண்ணீர் அழுத்தமும் வேண்டும். மேல்தாங்கி ஷவருக்கு அதிக உயரத்தில் இல்லையென்றால் சில ஹீட்டர்கள் சூடாகத் தொடங்கவே மாட்டா, பம்ப் உள்ள மாதிரியைக் கேட்க வேண்டிவரும். குழாயில் வருவது உன்னிச்சைக் குளத்துத் தண்ணீரென்றால் கவலை குறைவு. கடற்கரைப் பக்கத்துக் கிணற்று உவர்த் தண்ணீரென்றால் கொயிலில் படிவு கட்டும், ஷவர் துளை அடைக்கும்.

கூரையில் ஏற்கனவே மின்சாரச் சோலார் இருப்பவர்கள் தனியாக வெந்நீர்ச் சோலார் போடுவது எனக்கு ஒட்டவில்லை. அந்த மின்சாரத்திலேயே மத்தியானம் தாங்கியைச் சூடாக்கி வைத்துப் பின்னேரம் குளிக்கலாம். மாலை ஆறரையிலிருந்து பத்தரை வரைதான் நாட்டுக்கே மின்சாரத் தேவை உச்சத்தில் இருக்கும் நேரம், பகலில் சோலார் மிஞ்சிக் கிடக்கிறது. 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் கூரைச் சோலாரை அணைத்து வைக்கச் சொல்லி மின்சார சபையே கேட்டது ஞாபகமிருக்கும்.

அடுப்பையும் முழுக்கக் கைவிடாதீர்கள். 2022இல் பதின்மூன்று மணித்தியாலம் வரை கரண்டும் இல்லாமல், காஸும் இல்லாமல் இருந்தபோது பாளையும் சிரட்டையும் போட்டுத்தான் தண்ணீர் வைத்தோம். பிள்ளை பெற்ற வீட்டில் வேப்பிலையும் நொச்சியும் அவித்த தண்ணீர் கேட்பார்களே, அதற்கு எந்த ஹீட்டரும் உதவாது.

உங்கள் மாதாந்த யூனிட் எத்தனை, இணைப்பு எத்தனை அம்பியர், மேல்தாங்கி ஷவருக்கு எத்தனை அடி உயரம் என்று கீழே எழுதுங்கள். பம்ப் உள்ள ஹீட்டர் தேவையா இல்லையா என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.