கைபேசிக்கு எந்த வழிகாட்டிச் செயலி? – கேள்வி பதில்

கேள்வி: இணையம் கிடைக்காத இடத்தில் ஜிபிஎஸ் வேலை செய்யுமா?

பதில்: செய்யும். ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் அனுப்பும் நேரக்குறிப்புகளைப் பெற்று, குறைந்தது நான்கு செயற்கைக்கோள்கள் எவ்வளவு தொலைவில் உள்ளன என்று கணக்கிட்டு, கைபேசி தன் இருப்பிடத்தைத் தானே அறிந்துகொள்கிறது. இணையம் தேவைப்படுவது வரைபடத்துக்குத்தான். அது இறங்காவிட்டால், வெறும் சாம்பல் நிறக் கட்டங்களின் மேல் நீலப் புள்ளி மட்டும் நகர்ந்துகொண்டிருக்கும். எனவே புறப்படும் முன்பே வரைபடத்தைப் பதிவிறக்கி, மொபைல் டேட்டாவையும் வைஃபையையும் அணைத்துவிட்டு, ஒரு வழியைத் தேடிப் பாருங்கள். அந்தச் சோதனையில் தேறாத செயலியை நம்பிப் பயணம் போகாதீர்கள்.

கேள்வி: கூகுள் மேப்ஸ் இருக்கும்போது வேறொன்று எதற்கு?

பதில்: நகர நெரிசலில் கார் ஓட்டுபவருக்கு வேறொன்று தேவையில்லை. போக்குவரத்து நிலவரத்தில் அதற்கு ஈடாகச் சொல்லத்தக்க வேஸ் செயலியும் 2013 முதல் கூகுளின் கையில்தான் இருக்கிறது. ஆனால் இணையம் இல்லாதபோது கூகுள் மேப்ஸ் வாகனத்துக்கு மட்டுமே வழி சொல்லும். நடைபாதையோ சைக்கிள் பாதையோ காட்டாது. பதிவிறக்கிய பகுதியும் புதுப்பிக்காவிட்டால் காலாவதியாகிவிடும். மலையேறுபவரும் சைக்கிளில் நெடுந்தூரம் செல்பவரும் ஆர்கானிக் மேப்ஸ் அல்லது ஓஎஸ்எம்ஆண்ட் செயலியின் பக்கம் வருவது இதனால்தான். முன்னது இலகுவானது, விளம்பரமில்லாதது, பழைய கைபேசியிலும் தடுமாறாதது. பின்னதில் நிலத்தின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் சமவுயரக் கோடுகள் முதல் சென்ற பாதையைப் பதிவு செய்வது வரை எல்லாம் உண்டு. அந்த மெனுக்களுக்குள் வழி கண்டுபிடிக்கவே தனியாக ஒரு வழிகாட்டி வேண்டும் என்பதுதான் குறை.

கேள்வி: டேட்டா இல்லாமல் ஜிபிஎஸ் இயங்குமா?

பதில்: முதல் பதிலில் இருக்கிறது.

கேள்வி: நீங்கள் சொல்லும் இரண்டும் ஓபன்ஸ்ட்ரீட்மேப் தரவை நம்பியவை. யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய வரைபடத்தை நம்பி வண்டி ஓட்டலாமா?

பதில்: 2004-இல் அந்தத் திட்டம் தொடங்கிய நாளிலிருந்து கேட்கப்படும் கேள்வி இது. வணிக வரைபடங்களும் பயனர்களின் திருத்தங்களை ஏற்கின்றன. அங்கே யார் எதை மாற்றினார் என்பது நமக்குத் தெரியாது, இங்கே ஒவ்வொரு மாற்றத்தின் வரலாறும் எல்லார் பார்வைக்கும் திறந்திருக்கிறது. இதன் உண்மையான குறை வேறு: ஆர்வலர்கள் இருக்கும் பகுதியில் ஒற்றையடிப் பாதையும் குடிநீர்க் குழாயும்கூட வரையப்பட்டிருக்கும், இல்லாத பகுதியில் பிரதான சாலையோடு வரைபடம் முடிந்துவிடும். உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு பகுதியைத் திறந்து, ஒருவழிச் சாலைகளும் பாலங்களும் குறுக்குச் சந்துகளும் சரியாக உள்ளனவா என்று பார்த்து முடிவு செய்யுங்கள்.

அதே வாசகர்: பெரிய நிறுவனங்கள் இதைத் தொடுவதில்லையே?

பதில்: தொடுகின்றன. 2022-இல் அமேசான், மெட்டா, மைக்ரோசாஃப்ட், டாம்டாம் ஆகியவை சேர்ந்து தொடங்கிய ஓவர்ச்சர் என்ற திறந்த வரைபட அமைப்பின் தரவில் கணிசமான பகுதி ஓபன்ஸ்ட்ரீட்மேப்பிலிருந்து வந்ததே. ஆனால் உங்கள் வாதத்தில் பாதி நியாயம் உண்டு: வீட்டு எண், கடை திறக்கும் நேரம் போன்றவற்றைத் தேடுவதில் கூகுள் வெகுதூரம் முன்னே நிற்கிறது. முகவரி அகப்படாதபோது, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை வாங்கி இட்டால் எந்தச் செயலியும் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும்.

கேள்வி: மேம்பாலத்தின் கீழே போகும்போது மேலே போவதாகக் காட்டுகிறது. செயலியை மாற்றினால் சரியாகுமா?

பதில்: ஆகாது. இங்கே கோளாறுகள் இரண்டு. உயரமான கட்டடங்களில் பட்டுத் திரும்பும் சமிக்ஞை நீண்ட தூரம் வந்ததாகக் கணக்கில் ஏறுவதால் புள்ளி பக்கத்துச் சாலைக்குத் தாவுகிறது. இரண்டாவது, ஒன்றன்மேல் ஒன்றாக ஓடும் இரண்டு சாலைகளில் எதில் இருக்கிறீர்கள் என்பதைச் செயலி பெரும்பாலும் ஊகிக்கவே செய்கிறது. செயற்கைக்கோள்கள் அனுப்பும் எல்1, எல்5 என்ற இரண்டு அலைவரிசைகளையும் பெறும் கைபேசிகளில் முதல் கோளாறு குறையும். 2018 முதல் அத்தகைய கைபேசிகள் விற்பனையில் உள்ளன. மேம்பாலம் வரும் இடத்தில் திரையை விட்டுவிட்டுச் சாலைப் பலகையைப் பாருங்கள்.

கேள்வி: எதில் குரல் இனிமையாக இருக்கும்?

பதில்: அது என் துறை அன்று.

கேள்வி: சிம் இல்லாத பழைய கைபேசியை வண்டியில் பொருத்தலாமா? ஜிபிஎஸ் கிடைக்குமா?

பதில்: கிடைக்கும், மூன்றாம் முறையாகச் சொல்கிறேன், வரைபடத்தை முன்பே இறக்கிக்கொள்ளுங்கள். ஆனால் இணைய உதவி இல்லாததால் சுற்றுப்பாதை விவரத்தைச் செயற்கைக்கோளிலிருந்தே பெறவேண்டும். அதற்குத் திறந்த வானத்தின் கீழ் அரை நிமிடமாவது ஆகும். நெடுநாள் அணைந்துகிடந்த கருவிக்குப் பல நிமிடங்கள் பிடிக்கலாம். வண்டியை நகர்த்தும் முன்பே செயலியைத் திறந்து வையுங்கள்.

கேள்வி: லாரிக்கு எது?

பதில்: மேலே பேசியவை பெரும்பாலும் காரை மனத்தில் வைத்தே வழி சொல்பவை, தாழ்வான பாலம் அவற்றுக்கு ஒரு பொருட்டில்லை. வண்டியின் உயரம், எடை, நீளம் ஆகியவற்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளும் சிஜிக் செயலியின் லாரிப் பதிப்பு போன்ற ஒன்றைப் பணம் கொடுத்தே வாங்குங்கள். அதையும் டேட்டாவை அணைத்துச் சோதியுங்கள்.