விழுற தண்ணிய எங்க நின்னு போட்டோ எடுக்குறது? கல்லணை, கொல்லிமலை, குற்றாலம் பத்தி கேட்டவங்களுக்கு பதில்

மேட்டூர் அணைய தொறந்துட்டாங்கன்னு தெரிஞ்சதுமே தண்ணிய போட்டோ எடுக்கறத பத்தி கேள்விங்க வர ஆரம்பிச்சிடுச்சு, பாதி பேரு கல்லணைய பத்தியும் மீதி பேரு சீசனுக்கு குற்றாலம், கொல்லிமலை போறத பத்தியும் கேட்டிருக்கீங்க. வந்த வரிசையிலயே பதில் சொல்லிட்டு வர்றேன்.

கும்பகோணத்துலேந்து ஒரு தம்பி: அண்ணே, நம்ம பக்கம் அருவியே கெடையாது, ஸ்லோ ஷட்டர் (கேமரா ஷட்டர கூட நேரம் தொறந்து வச்சு ஓடுற தண்ணிய மென்மையா எடுக்கறது) பழகணும்னா மலைக்குத்தான் போகணுமா?

எதுக்கு தம்பி, உங்க ஊருக்கு பக்கத்துலயே அணைக்கரையில கீழணை இருக்கு, அந்தாண்ட கல்லணை, முக்கொம்பு, தென்பெரம்பூர்ல வெண்ணாறும் வெட்டாறும் பிரியிற எடம்னு தண்ணி விழுற எடத்துக்கு டெல்டாவுல பஞ்சமே இல்ல. மேட்டூர்ல தண்ணி இருக்குற வருஷம் ஜூன் 12 தொறப்பாங்க, மூணு நாலு நாள்ல கல்லணைக்கு வந்துடும், அங்கேந்து காவிரி, வெண்ணாறு, புதாறு (கல்லணைக் கால்வாய்) மூணுலயும் பிரிச்சு விடுவாங்க, மிச்சம் இருந்தாத்தான் கொள்ளிடம். பழைய கல்லணையே 5.4 மீட்டர் ஒசரம்தான், ஆனா படத்துக்கு ஒசரம் முக்கியம் இல்ல, தண்ணி ஒடையிற எடம்தான் முக்கியம். ஐஎஸ்ஓ (கேமரா வெளிச்சத்த வாங்குற அளவு) 100, எஃப் நம்பர் (லென்ஸ் துவார அளவு, நம்பர் ஏற ஏற துவாரம் சின்னதாகும்) 8 இல்ல 11 வச்சு, 1/4 செகண்ட்லேந்து 1 செகண்டுக்குள்ள நாலஞ்சு ஸ்பீடுல ஒரே ஃப்ரேம எடுத்து வீட்டுல உக்காந்து ஒப்பிட்டுப் பாருங்க. அணை ஷட்டர்லேந்து, அதாவது மதகுக் கதவுலேந்து, வர்ற தண்ணிக்கு வேகம் ஜாஸ்தி, 1/4 செகண்ட்லயே நூல் நூலா வந்துடும், 10 செகண்ட் வச்சா எல்லாம் ஒரே வெள்ளைப் பொகையாயிடும், எனக்கு அது பிடிக்கறதில்ல. எஃப் 22க்கு போகாதீங்க, டிஃப்ராக்ஷன்ல (சின்ன துவாரத்துல ஒளி வளைஞ்சு பரவறதுல) ஷார்ப்னஸ் போயிடும், அதுக்கு பதிலா 6 ஸ்டாப் என்டி ஃபில்டர் (வெளிச்சத்த ஆறு தடவ பாதி பாதியா கொறைக்கிற கருப்புக் கண்ணாடி) ஒண்ணு வாங்கிக்குங்க, 1/60ல வர்ற எக்ஸ்போஷர் அதப் போட்டா 1 செகண்ட் ஆயிடும்.

தஞ்சாவூர்லேந்து: கல்லணை பாலத்து மேலேந்து கீழ நேரா பாத்து எடுக்க ஆசை. வண்டி போறப்பல்லாம் ட்ரைபாட் அதிருது சார்.

பாலத்துல ட்ரைபாட் விரிச்சா நடக்கறவங்களுக்கும் எடஞ்சல். ஒரு துணிப்பையில முக்காப்பங்கு நெல்லு போட்டு வாயக் கட்டுங்க, கைப்புடிச் சுவரு மேல வச்சு அதுல கேமராவ அமுக்கி உக்கார வச்சா நல்லா நிக்கும், ஸ்ட்ராப் கண்டிப்பா கழுத்துல இருக்கணும். அப்பறம் ஒரே படமா 4 செகண்ட் எடுக்காம 1/4 செகண்ட்ல பதினாறு படம் எடுத்துக்குங்க, வண்டி போனப்ப ஆடுனத தூக்கிப் போட்டுட்டு மிச்சத்த சாஃப்ட்வேர்ல ஒண்ணா அடுக்கி ஆவரேஜ் பண்ணா கிட்டத்தட்ட அதே மென்மை கெடைக்கும், நாய்ஸும் கொறையும்.

மயிலாடுதுறை சார் ஒருத்தர்: அணை ஷட்டருக்கு கீழ இருக்குற கல்லு மேல எறங்கி தண்ணி மட்டத்துலேந்து எடுத்தா பிரமாதமா இருக்குமே, எப்படி எறங்குறது?

எறங்காதீங்க சார். இத கொஞ்சம் வெவரமா சொல்லணும், ஏன்னா வருஷா வருஷம் யாராவது இதையே கேக்குறீங்க. ஷட்டருக்கு அடியில சீறிக்கிட்டு வர்ற தண்ணி கீழ மெதுவா நிக்கிற தண்ணியில மோதி மேல சுருண்டு திரும்ப ஷட்டர் பக்கமே வரும். பாக்க நொர பொங்குற மாதிரி அழகா இருக்கும், ஆனா அதுல விழுந்தவன் வெளிய நீந்தவே முடியாது, மேல்தண்ணி பின்னாடி இழுக்கும், அடித்தண்ணி உருட்டும், நொரையில காத்து ஜாஸ்தி இருக்கறதால ஒடம்பும் மெதக்காது. நல்லா நீச்சல் தெரிஞ்சவங்களுக்கும் இதுதான். அது போக மேல எப்ப எவ்வளவு தொறப்பாங்கன்னு கீழ நிக்கிற உங்களுக்குத் தெரியப் போறதில்ல, கல்லுல பாசி வேற. நம்ம வாழ்க்கையே இந்த தண்ணியிலதான் இருக்கு, அதுக்கு உண்டான மரியாதைய குடுத்தே ஆகணும்.

நீங்க கேக்குற ஆங்கிள் கரையிலேந்தே கெடைக்கும். கீழ்ப்பக்கம் நல்லா தள்ளி, தடுப்பு இல்லாம பொதுவா ஜனங்க நிக்கிற கரைக்கு வாங்க, ட்ரைபாட்ட முழுசா தாழ்த்தி முழங்கா ஒசரத்துக்கு வச்சு 200 எம்எம்முக்கு மேல டெலி லென்ஸ் (தூரத்துல இருக்கறத கிட்ட இழுத்துக் காட்டுறது) போடுங்க. தூரத்துலேந்து டெலி லென்ஸ்ல பாக்குறப்ப ஷட்டர் எல்லாம் நெருங்கி நெருங்கி நிக்கும், முன்னாடி இருக்குற அலையும் பின்னாடி விழுற தண்ணியும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி சுவரு மாதிரி வரும். கிட்டப் போயி வைட் லென்ஸ்ல எடுத்தா அணையே குட்டியா தெரியும். கஷ்டமான எடத்துல நின்னு எடுத்தாத்தான் நல்ல படம்னு ஒரு நெனப்பு இருக்குல்ல, அது தப்புன்னு இந்த ஒரு எடத்துல நின்னு பாத்தாலே புரிஞ்சிடும்.

திருவாரூர்லேந்து: சாரல்ல வானவில் ஒரு தடவ பாத்தேன், அடுத்த நாள் அதே எடத்துல இல்ல. ஏன்?

நேரம் மாறிப் போயிருப்பீங்க. சூரியன் முதுகுப் பக்கம் இருக்கணும், உங்க தலை நெழல் விழுற தெசையிலேந்து 42 டிகிரி தள்ளி வானவில் நிக்கும். ஆறு கிழக்கால ஓடுது, அதனால அணைக்குக் கீழ நின்னு மேக்க பாத்தா காலையில சரியா இருக்கும். விடியக்காலையில வளைவு ரொம்ப ஒசரத்துல இருக்கும், அங்க சாரலே இருக்காது. சூரியன் ஏற ஏற வானவில் எறங்கும். ஜூன் மாசத்துல நம்ம பக்கம் சுமாரா ஒம்பது மணிக்கு சூரியன் 42 டிகிரிக்கு வந்துடும், அதுக்கு அரை மணி முன்ன பின்ன போனா சரியா சாரல் மேல வந்து உக்காரும். போலரைசர் (பளபளப்ப கொறைக்கிற, திருப்பற மாதிரி இருக்குற ஃபில்டர்) போட்டிருந்தா மெதுவா திருப்புங்க, ஒரு பக்கம் திருப்புனா வானவில்லே காணாமப் போயிடும், இன்னொரு பக்கம் பளிச்சுன்னு ஆகும்.

மன்னார்குடி அக்கா: எங்கிட்ட போன்தான் இருக்கு தம்பி, முடியுமா?

தாராளமா முடியும் அக்கா. ஐபோன்னா லைவ் ஃபோட்டோ எடுத்துட்டு அப்பறமா லாங் எக்ஸ்போஷர்னு மாத்திக்கலாம். ஆண்ட்ராய்டுல ப்ரோ மோடு இருந்தா ஷட்டர் 1/4 வச்சு 2 செகண்ட் டைமர் போட்டு எதுலயாவது சாச்சு வைங்க. வெயில்ல வேணாம், மூட்டமா இருக்குறப்ப இல்ல சாயங்காலம் வெளிச்சம் எறங்குனப்பறம் எடுங்க.

ஒரத்தநாடு தம்பி: கொல்லிமலை ஆகாய கங்கை போறோம், லென்ஸ் நனைஞ்சே போகுதுன்னு சொல்றாங்க.

ஆமா, 300 அடி ஒசரத்துலேந்து விழுது, சுத்தி பாறைச் சுவரு, சாரல் எல்லா பக்கமும் சுத்தும். ஆயிரம் படிக்கு மேல எறங்கணும், அதவிட முக்கியம் திரும்ப ஏறணும், அதனால சாமான கொறைங்க. நாலஞ்சு மைக்ரோஃபைபர் துணி தனித்தனி கவர்ல வச்சுக்குங்க, காத்து அடிக்கிற பக்கம் முதுகக் காட்டி நின்னு ஃப்ரேம், ஃபோகஸ் எல்லாம் செட் பண்ணிட்டு, லென்ஸ கையால மூடிக்குங்க, காத்து அடங்குற நேரம் பாத்து கைய எடுத்து அமுக்குங்க. கிட்ட நின்னா அருவி மொத்தமும் அடங்காது, கேமராவ அண்ணாந்தா சாஞ்சு போகும், அதனால கொஞ்சம் பின்னால தள்ளி வந்து நெட்டுக்க மூணு படமா எடுத்து சேத்துக்குங்க. உச்சி வெயில் உள்ள எறங்குறதுக்கு முன்னாடியே போயிடுங்க, பாதி வெயில் பாதி நெழல்னா எந்த கேமராவும் தாங்காது.

பேராவூரணி: குற்றாலத்துல கூட்டம் இல்லாம எப்படி எடுக்குறது?

சீசன்ல கூட்டம் இல்லாம இருக்காதுங்க. குளிக்கிறவங்க பக்கம், முக்கியமா பொம்பளைங்க பக்கம் லென்ஸ திருப்பவே கூடாது, இதுல சமாதானமே கெடையாது. மேல் பாதி பாறைய மட்டும் டெலி லென்ஸ்ல எடுங்க. தண்ணி திடீர்னு கலங்கி வந்தாலோ சருகும் குச்சியும் அடிச்சுக்கிட்டு வந்தாலோ கேமராவ மடிச்சுக்கிட்டு இருக்காம ஒடனே ஏறிடுங்க. 2024 மே மாசம் பழைய குற்றாலத்துல வந்த வெள்ளம் ஒரு பள்ளிக்கூடப் பையன அடிச்சுட்டுப் போயிடுச்சு, அன்னிக்கும் அது நிமிஷத்துல வந்ததுதான்.

திருச்சி: ட்ரோன்?

அணை மேல அனுமதி இல்லாம பறக்க விடாதீங்க. திருச்சியில ஏர்போர்ட், தஞ்சாவூர்ல விமானப்படை தளம், ரெண்டுக்கும் நடுவுல நாம இருக்கோம். டிஜிட்டல் ஸ்கை மேப்ல (ட்ரோன் எங்க பறக்கலாம்னு காட்டுற அரசாங்க மேப்) எந்த ஜோன்னு பாத்துட்டு, அணைன்னா நீர்வளத்துறையிலயும் கேட்டுக்குங்க.

பாபநாசம்: நொர எல்லாம் வெள்ளையா எரிஞ்சு போகுது, புதுத்தண்ணி சேத்து கலர்ல வேற இருக்கு.

எக்ஸ்போஷர மைனஸ் 2/3 கொறச்சு, ரா ஃபைல்ல (கேமரா பதிஞ்சத சுருக்காம அப்படியே வைக்கிற ஃபைல்) எடுங்க, ஹிஸ்டோகிராம் (படத்துல இருட்டு, வெளிச்சம் எவ்வளவுன்னு காட்டுற வரைபடம்) வலது ஓரத்துல முட்டாம பாத்துக்குங்க. கலர மட்டும் மாத்தாதீங்க. மொதத் தண்ணி செம்மண் நெறத்துலதான் வரும், அத நீலமாக்குனா எந்த ஊரு ஆறுன்னே தெரியாமப் போயிடும், ஒயிட் பேலன்ஸ (கேமராவோட கலர் செட்டிங்) டேலைட்லயே விட்டுடுங்க.