திருநெல்வேலியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய் ஆற்றில் நீந்த நல்ல இடங்கள் எவை?

கேள்வி கேட்டவர் சென்னையிலிருந்து பாளையங்கோட்டைக்கு மாற்றலாகி வந்தவர். நீச்சல் குளத்தில் பழகியவர். மனைவியும் பத்து வயது மகனும் கூட வருவார்கள் என்று எழுதியிருக்கிறார். அவருக்காகவே சொல்கிறேன்.

ஒரே ஒரு இடம் சொல் என்றால், தாமிரபரணிக் கரையில் இருக்கும் சேரன்மகாதேவி. பிப்ரவரிக்கும் மே மாதத்துக்கும் இடையில், வார நாளில், காலை ஏழு மணிக்குப் போங்கள். அவசரக்காரர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் அந்த ஏழு மணி ஏன் என்பதற்குள்தான் நான் சொல்ல நினைப்பதெல்லாம் இருக்கிறது.

திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையிலேயே ஆறு ஓடுகிறதே, எதற்கு இருபது கிலோமீட்டர் போக வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றும். 1843-இல் கட்டிய சுலோச்சன முதலியார் பாலத்தில் நின்று பார்த்தால் தாமிரபரணி அழகாகத்தான் தெரியும். கீழே இறங்கிப் பாருங்கள். ஓடை ஓடையாகச் சாக்கடை வந்து சேரும் இடங்கள் கண்ணில் படும். என் அப்பா தலைமுறை நீச்சல் பழகிய பாளையங்கால்வாயில் இன்றைக்குக் கால் நனைக்கக்கூட மனசு வராது. பாலத்தை ஒட்டிய கொக்கிரகுளத்தில் நான் இறங்காததற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1999 ஜூலை 23 அன்று, மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களுக்குக் கூலி உயர்வு கேட்டு ஊர்வலம் வந்தவர்கள் தடியடிக்குப் பயந்து ஓடி, 17 பேர் இறந்தது அந்த ஆற்றங்கரையில்தான். அப்போது நான் பள்ளிக்கூடத்துப் பையன். அந்தப் படத்தைப் பேப்பரில் பார்த்தவனுக்கு அங்கே துண்டைக் கட்டிக்கொண்டு குதிக்க முடியாது.

நகர எல்லைக்குள் குளித்தே ஆக வேண்டுமென்றால் குறுக்குத்துறை. ஆற்றுக்கு நடுவே பாறையில் முருகன் கோயில் இருக்கிறது. வெள்ளம் வருகிறது என்று தெரிந்தால் உற்சவரை மேலக்கோயிலுக்கு எடுத்துப் போய்விடுவார்கள். தண்ணீர் ஒரு பக்கம் உள்ளே புகுந்து மறுபக்கம் வெளியேறும். வடிந்தபின் சேற்றை அள்ளிக் கழுவிவிட்டுப் பூஜையை ஆரம்பிப்பார்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பேய்மழையில் மூழ்கியதும் அப்படித்தான் மீண்டு வந்தது. பையனுக்குக் காட்ட வேண்டிய இடம், ஒரு முங்கு போடலாம். நீந்துவதற்கு என்று போக வேண்டாம்.

நீந்த வேண்டுமென்றால் மேற்கே போக வேண்டும். மேலே போகப் போகத் தண்ணீர் தெளியும். காலையில் செங்கோட்டை போகும் பாசஞ்சர் ரயில் பேட்டை, சேரன்மகாதேவி, காருக்குறிச்சி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் என்று கிட்டத்தட்ட ஆற்றோடு ஆறாகவே போகிறது. பையில் ஒரு துண்டும் மாற்றுத்துணியும் போதும்.

இப்போது அந்த ஏழு மணி விஷயம்.

நான் பிறந்து வளர்ந்தது முக்கூடல் பக்கம், ஆற்றங்கரை ஊர். ஆறு வயதில் மாமா என்னை மூடி இறுக்கிய மண்ணெண்ணெய் கேனோடு சேர்த்துக் கட்டித் தள்ளிவிட்டார். அடுத்த வருஷம் கேன் இல்லாமல் அக்கரை போய்த் திரும்பினேன். எந்தப் பாறைக்கு அடியில் விலாங்கு இருக்கும், எங்கே கசம் என்கிற ஆழமான மடு, எங்கே மணல்திட்டு எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். பிறகு வேலைக்காகப் பெங்களூர் போய்ப் பதினான்கு வருஷம். திரும்பி வந்த முதல் வாரமே ஆற்றுக்குப் போனேன். ஒரு ஆச்சி துணி துவைத்துக்கொண்டிருந்தாள். நான் இறங்குவதைப் பார்த்துவிட்டு, "ஏய்யா, அங்கன போவாத, குழி கெடக்கு" என்றாள். "நானும் இந்த ஊர்க்காரந்தான் ஆச்சி" என்று சிரித்துக்கொண்டே நடந்தேன். நான் சின்ன வயதில் கழுத்தளவுத் தண்ணீரில் நின்று பல் தேய்த்த இடம் அது.

மார்பளவு வந்தது. அடுத்த அடி வைத்தேன், தரை இல்லை. தரை இல்லை என்பதுகூடச் சரியில்லை. காலுக்குக் கீழே இருந்த மணல் சரசரவென்று சரிந்து என்னையும் இழுத்துக்கொண்டு போனது. மேலே தண்ணீர் வெதுவெதுப்பு, இடுப்புக்குக் கீழே ஐஸ். அந்தக் குளிர்ச்சியில்தான் குழி எவ்வளவு ஆழம் என்று புரிந்தது. பின்னால் திரும்பி ஏறப் பார்த்தேன், கைக்கு வந்த கரையெல்லாம் உதிர்ந்தது. நாலைந்து மடக்கு தண்ணீர் குடித்தபிறகுதான் மாமா சொன்னது நினைவுக்கு வந்தது: ஆத்த எதுத்து நிக்காதல, அது போற பக்கம் போயிட்டே கரைய பாத்து ஒதுங்கு. மல்லாந்து படுத்துக் காலை முன்னால் நீட்டிக்கொண்டு போனேன். ஐம்பது அறுபது அடி தள்ளிக் கோரைப்புல் கையில் அகப்பட்டது. மேலே வந்து இருமிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது ஆச்சி துணியைப் பிழிந்தபடி கேட்டாள்: "ஊர்க்காரன்னு சொன்னியே, எந்த வருஷத்து ஊர்க்காரன்?"

அது மணல் அள்ளிய குழி. கரையிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது, மேல்தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும். ஒரு வெள்ளத்தில் மூடும், அடுத்த வருஷம் வேறு இடத்தில் திறக்கும். இந்த ஆற்றில் மணலுக்கு என்ன மதிப்பு என்று புரிய வேண்டுமென்றால், 2023 ஏப்ரலில் முறப்பநாட்டில் மணல் கடத்தலைத் தட்டிக்கேட்ட கிராம நிர்வாக அலுவலர் தன் அலுவலகத்திலேயே வெட்டிக் கொல்லப்பட்டதை நினைத்துப் பாருங்கள். ஆகவே "நல்ல இடம்" என்று நான் எதைச் சொன்னாலும் அது நான் பார்த்த அன்றைக்குத்தான் செல்லும். காலை ஏழு மணிக்குப் படித்துறையில் துவைக்கிறவர்களும் குளிக்கிறவர்களும் இருப்பார்கள். "எங்க இறங்கலாம், எங்க ஆழம்?" என்று அவர்களைக் கேளுங்கள். கேட்க ஆள் இல்லாத இடம் எவ்வளவு அழகாக இருந்தாலும் இறங்காதீர்கள். பகல் இரண்டு மணிக்கு அங்கே இருப்பது பாட்டிலோடு வந்த கூட்டம்தான். அவர்கள் சொல்லும் ஆழத்தை நம்ப முடியாது, அவர்கள் உடைத்துப் போட்ட கண்ணாடியும் காலில் ஏறும்.

சேரன்மகாதேவியை நான் முதலில் சொன்னதற்கு இதுதான் காரணம். ஊரை ஒட்டியே ஆறு, காலையில் ஆள் நடமாட்டம் நிச்சயம். கரையோரம் பழைய கோயில்கள், பக்தவத்சலப் பெருமாள் கோயில் உட்பட. குளித்துவிட்டு ஈரத்தலையோடு நிழலில் உட்கார்ந்திருக்கலாம். பக்கத்து ஊர் பத்தமடையின் புகழ்பெற்ற பாய்க்கான கோரை விளைந்ததும் இந்த ஆற்றங்கரைகளில்தான்.

முக்கூடலில் முத்துமாலை அம்மன் கோயில் துறை. மேலே சொன்ன கதைக்குப் பிறகும் நான் வாரம் ஒருமுறை போவது அங்கேதான். ஆச்சியும் இருக்கிறாள்.

அதற்கும் மேலே, பையனோடு ஒரு முழுக் காலைப் பொழுதைக் கழிக்க, திருப்புடைமருதூர். வீரவநல்லூரிலிருந்து உள்ளே போக வேண்டும். கடனாநதி தாமிரபரணியில் வந்து சேரும் இடம். நாறும்பூநாதர் கோயில் கோபுரத்துக்குள் பழைய சுவரோவியங்கள் உண்டு. கரை மரங்களில் நாரையும் கொக்கும் கூடு கட்டும். அந்த ஊர்க்காரர்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்குக்கூட வெடியை அடக்கி வாசிப்பவர்கள், அங்கே போய் ஸ்பீக்கர் வைத்துப் பாட்டுப் போடாதீர்கள். ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். இரண்டு ஆறு சேரும் இடத்தில் தண்ணீர் ஒன்றையொன்று தள்ளும், சுழிக்கும். படித்துறையை ஒட்டியே இருங்கள், சேரும் முனைக்குப் போக வேண்டாம்.

நீச்சல் குளத்துக்காரர்களுக்கு அதிகம் ஆசை காட்டுவது அணைக்கட்டுகள். தாமிரபரணியின் குறுக்கே எட்டு அணைக்கட்டு. கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். கடைசியைத் தவிர மற்ற ஏழும் வெள்ளைக்காரன் காலத்துக்கு முந்தியவை. ஒவ்வொன்றுக்கும் மேல்பக்கம் தண்ணீர் தேங்கி நீளமாக, அசையாமல், அப்படியே நீச்சல் குளம் மாதிரிக் கிடக்கும். நானும் நீந்தியிருக்கிறேன், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் இரண்டு இடத்துக்கு மட்டும் கிட்டப் போகக் கூடாது. ஒன்று, கால்வாய்க்குத் தண்ணீர் போகும் மடை. மேலே அசைவே தெரியாது, உள்ளே உறிஞ்சும். ஆள் ஷட்டரில் போய் ஒட்டிக்கொண்டால் பத்துப் பேர் இழுத்தாலும் வராது. இரண்டு, தண்ணீர் வழிந்து விழும் அடிப்பகுதி. கோடையில் பாதம் நனைகிற அளவு வழியும்போது பிள்ளைகள் அந்தக் கல்சரிவில் சறுக்கி விளையாடும். பாசியில் வழுக்கி மண்டையை உடைத்துக்கொள்வதோடு போய்விடும். நீர்வரத்து கூடியபிறகு அது வேறு. விழுகிற தண்ணீர் அடிக்குப் போய் மேலெழும்பி, மறுபடி அணைச்சுவரை நோக்கியே திரும்பி ஓடும். மிதக்கிறவனை அதுவே இழுத்துக்கொண்டு போய் அருவிக்கு அடியில் போடும், விடும், திரும்ப இழுக்கும். போதாக்குறைக்கு நுரைத்த தண்ணீரில் ஆள் சரியாக மிதக்கவும் மாட்டான். நீச்சல் தெரிந்தவர்களே அங்கே உயிரை விட்டிருக்கிறார்கள்.

பாபநாசம் எல்லோரும் சொல்வார்கள். கோயில் எதிரே படித்துறை, காலைச் சுற்றி மொய்க்கும் மீன்கள், பொரி போடும் குழந்தைகள், எல்லாம் சரி. ஆனால் பரிகாரம் என்று கட்டியிருக்கும் துணியை ஆற்றிலேயே விட்டுவிட்டுப் போகும் பழக்கம் இருக்கிறதே, அதைப்போல எரிச்சல் வேறு இல்லை. எடுக்க எடுக்கத் தீராது. ஒருமுறை ஊறிப்போன சேலை ஒன்று என் கணுக்காலில் சுற்றிக்கொண்டது. யாரோ பிடித்து இழுப்பது மாதிரியே இருக்கும். பதறாமல் குனிந்து கையால் அவிழ்க்க வேண்டும், உதறினால் இன்னும் இறுகும். அங்கே முழுகிவிட்டுக் கோயிலுக்குப் போங்கள், நீந்த வேண்டாம். மேலே அகஸ்தியர் அருவி குளியலுக்கு அருமை. வனத்துறைச் சோதனைச்சாவடி தாண்டிப் போக வேண்டும், வெள்ளம் வந்தால் மூடிவிடுவார்கள். அதற்கும் மேலே இருக்கும் கல்யாண தீர்த்தம் பார்ப்பதற்கு மட்டும். மணிமுத்தாறு அருவியும் அப்படியே. கம்பியைப் பிடித்துக்கொண்டு அருவியில் நிற்கலாம், முன்னால் பச்சையாகக் கிடக்கும் கசத்தில் இறங்கக் கூடாது. குற்றாலத்தை இந்தப் பதிலில் சேர்க்கவில்லை.

மாதம் பற்றி. இந்த ஆற்றுக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. ஜூன் வாக்கில் கார் சாகுபடிக்குப் பாபநாசம் அணையைத் திறந்தால் ஆறு கூடும். அது சீரான ஓட்டம், பழகியவர்கள் நீந்தலாம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஆற்றுப் பக்கமே தலைவைக்காதீர்கள். பாளையங்கோட்டையில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும், மலையில் பெய்தது இங்கே வந்து நிற்கும். தெளிந்த தண்ணீர் கலங்க ஆரம்பித்தாலோ, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ, பேசிக்கொண்டு நிற்காமல் கரையேறிவிடுங்கள்.

நீச்சல் குளத்தில் நாற்பது சுற்றுப் போவேன் என்று எழுதியிருந்தீர்கள். ஆற்றில் முதலில் எதிர்நீச்சல் போட்டு மேலே போங்கள், களைத்தபின் ஆறே உங்களைக் கொண்டுவந்து விடும். மாற்றிச் செய்கிறவர்கள்தான் திரும்ப முடியாமல் தவிப்பார்கள். தலைகீழாகப் பாயாதீர்கள், நேற்று இல்லாத பாறை இன்று இருக்கும். பையன் இடுப்புக்கு மேல் தண்ணீருக்குப் போகக் கூடாது, நீங்கள் அவனுக்குக் கீழ்ப்பக்கம், அதாவது தண்ணீர் போகும் பக்கம் நில்லுங்கள். நீச்சல் கண்ணாடி கொண்டு வாருங்கள், மீன் பார்ப்பான்.

உங்கள் மனைவியும் நீந்துவார் என்றால் ஒன்று சொல்ல வேண்டும். நீச்சல் உடையில் படித்துறைக்குப் போனால் அத்தனை கண்ணும் அங்கேதான் இருக்கும். நியாயமா என்று கேட்டால் இல்லை, ஆனால் அப்படித்தான். என் மனைவி பழைய சுடிதாரில், துப்பட்டா இல்லாமல், பெண்கள் துறையில் இறங்குவாள். கொஞ்ச நேரத்தில் சுற்றியிருக்கும் அக்காமார்களே "நீச்சல் எங்க படிச்ச?" என்று கேட்டு நெருங்கிவிடுவார்கள். நீங்கள் அந்தப் பக்கம் செல்போனைத் தூக்காமல் இருந்தால் போதும்.

தாழையூத்து, மானூர்ப் பக்கம் கல்குவாரித் தண்ணீர் நீலமாக இருக்கிறதே என்று யாராவது வீடியோ அனுப்புவார்கள். சுவர் செங்குத்து, இறங்கினால் ஏறப் பிடி கிடையாது. போகாதீர்கள். ஓடாத குட்டையிலும் வேண்டாம். கேரளத்தில் 2024, 2025-இல் அமீபா மூளைக்காய்ச்சல் வந்தவர்களில் பலர் தேங்கிய நீரில் குளித்தவர்கள். அது மூக்கு வழியாக ஏறுவது.

அடுத்த வாரம் சேரன்மகாதேவி போவதாக இருந்தால் செருப்பைக் கரையில் விடாமல் தண்ணீர் வரைக்கும் போட்டுக்கொண்டு போங்கள், ஷாம்பு பாக்கெட்டும் பிளேடும் கிடக்கும். கையில் ஒரு பழைய நாலு முழ வேட்டியும் இருக்கட்டும். யாராவது தத்தளித்தால் குதிக்காமல் அதை வீசத்தான். குளித்து முடித்தால் வரும் பசிக்கு வீட்டிலிருந்து புளிச்சாதம் கட்டிக்கொண்டு போங்கள். நான் கடையை நம்பிப் போய், எட்டரை மணிக்கே இட்லி தீர்ந்து இரண்டு முறை ஏமாந்திருக்கிறேன்.