ஐந்து நிமிடத்தைத் தாண்டும் வலிப்பு: முதல் மருந்து வீட்டிலேயே

கேள்வி: நான்கு வயது மகனுக்கு டிராவெட் நோய் (குழந்தைப் பருவத்திலேயே தொடங்கும் கடுமையான வலிப்பு நோய்) என்று மரபணுப் பரிசோதனையில் தெரிந்தது. எடை 15 கிலோ. மூன்று மருந்துகள் கொடுத்தும், காய்ச்சல் கண்டால் வலிப்பு கால் மணி நேரம் வரை நிற்பதில்லை. திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே கிராமத்தில் இருக்கிறோம். தஞ்சாவூர் பெரிய மருத்துவமனைக்குப் போய்ச் சேரும்வரை என்ன செய்வது?

பதில்: முதல் மருந்தை நீங்களே வீட்டில் கொடுத்துவிட வேண்டும். ஐந்து நிமிடம் கடந்த வலிப்பு தானாக நிற்பது அரிது. நேரம் போகப் போக, மிடசோலம் போன்ற வலிப்பை நிறுத்தும் மருந்துகள் பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் மூளை அணுக்களின் மேற்பரப்பிலிருந்து உள்ளே போய்விடுவதால், ஐந்தாம் நிமிடத்தில் கேட்கும் அதே மருந்து அரை மணி கழித்துக் கேட்காமல் போகலாம். அரை மணியைத் தாண்டினால் மூளைக்கே சேதம் நேரும் அபாயம் உண்டு.

மூக்கில் அடிக்கும் மிடசோலம் ஸ்பிரேயின் வழக்கமான அளவு கிலோவுக்கு 0.2 மி.கி.; உங்கள் மகனுக்கு 3 மி.கி. ஓர் அழுத்தலுக்கு 0.5 மி.கி. வரும் பாட்டிலானால் ஆறு அழுத்தல், ஒவ்வொரு நாசியிலும் மூன்று. பாட்டிலுக்குப் பாட்டில் வீரியம் மாறும் என்பதால், எத்தனை அழுத்தல், எந்த நிமிடத்தில் என்பதை உங்கள் மருத்துவரிடமே எழுதி வாங்குங்கள். பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வைத்து, மூச்சைக் கவனித்தபடியே 108-ஐ அழையுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றுவதும் கையில் சாவி கொடுப்பதும் வேண்டாம்.

வலிப்பு நிற்காதபோது தஞ்சாவூரை நோக்கி ஓடாதீர்கள். திருத்துறைப்பூண்டியோ திருவாரூரோ, எது அருகிலோ அங்கே போங்கள். அங்கு மிடசோலம் வகையைச் சேர்ந்த லோராசிபம் ஊசிக்குப் பிறகும் நிற்காவிட்டால், லெவெடிராசிடாம், வால்ப்ரோயேட், ஃபாஸ்ஃபெனிடாயின் ஆகியவற்றுள் ஒன்றைப் போடுவார்கள். 2019-இல் வெளியான அமெரிக்க ஆய்வில் இம்மூன்றும் ஏறத்தாழப் பாதிப் பேருக்குப் பலன் தந்தன. உங்கள் மகனுக்கு மட்டும் இம்மூன்றும் ஒன்றல்ல. டிராவெட் நோயில் பெரும்பாலும் எஸ்.சி.என்.1.ஏ. மரபணுப் பழுதினால், வலிப்பை அடக்க வேண்டிய நரம்பணுக்களில் சோடியம் நுழையும் வாயில்கள் ஏற்கெனவே சரியாக வேலை செய்வதில்லை. ஃபாஸ்ஃபெனிடாயின் உள்ளிட்ட ஃபெனிடாயின் வகை மருந்துகள் அந்த வாயில்களையே அடைப்பதால் வலிப்பு மோசமாகலாம். அன்றாட மாத்திரைகளில் கார்பமசெபின், ஆக்ஸ்கார்பசெபின், லாமோட்ரிஜின் ஆகியவையும் இதே வகையைச் சேர்ந்தவை.

பல மருத்துவமனைகளில் உடனே கைக்குக் கிடைப்பது ஃபெனிடாயினாக இருக்கலாம். நள்ளிரவில் பணியிலிருக்கும் மருத்துவருக்கு உங்கள் பிள்ளையின் மரபணு அறிக்கை தெரிய வழியில்லை. ஆகவே நோயின் பெயர், எடை, தவிர்க்க வேண்டிய மருந்துகள், சிகிச்சை தரும் மருத்துவரின் தொலைபேசி எண் ஆகியவற்றைக் கொட்டை எழுத்தில் ஒரே தாளில் எழுதி, மருத்துவரின் கையொப்பமும் முத்திரையும் பெற்று ஸ்பிரேயுடன் வைத்திருங்கள். இச்சீட்டை வேறு பிள்ளையின் சிகிச்சைக்குப் பயன்படுத்தக் கூடாது. உயிரணுக்களின் ஆற்றல் உற்பத்தி கெடும் சில மைட்டோகாண்ட்ரியா நோய்களில் வால்ப்ரோயேட்டே கல்லீரலைக் கெடுத்துவிடும்.

இரண்டாம் கட்ட மருந்துக்கும் அடங்காத வலிப்புக்குத் தீவிர சிகிச்சைப் பிரிவும், பெரும்பாலும் வென்டிலேட்டரும் தேவைப்படும். தஞ்சாவூர் அவசியமாவது அப்போதுதான்; அதுவும் மூச்சுக்கு வழிசெய்த பின், ஆம்புலன்ஸில்.

நிலைமை சீரானதும் ஸ்டிரிபென்டால் போன்ற மருந்துகள் பற்றியும் மாவுச்சத்தை மிகக் குறைத்துக் கொழுப்பைக் கூட்டும் கீட்டோஜெனிக் உணவு பற்றியும் கேளுங்கள். மூன்று வேளையும் சோறு புழங்கும் நம் வீடுகளில் அந்த உணவுமுறை கடினமானது. உணவியல் நிபுணர் இல்லாமல் தொடங்க வேண்டாம். ஸ்பிரே காலாவதியாகும் தேதியை மாதம் ஒருமுறை பாருங்கள். இன்னொரு பாட்டிலும் சீட்டின் நகலும் அங்கன்வாடியில் இருக்கட்டும்.