வாய்க்காலை அடைக்கும் வெங்காயத்தாமரை உரமாகுமா?

கேள்வி: எங்கள் கடைமடை வாய்க்காலில் வெங்காயத்தாமரை மண்டித் தண்ணீர் ஏறவில்லை. போன வருஷம் பொக்லைன் வைத்து அள்ளிக் கரையில் போட்டோம். அழுகி நாறியது, மழையில் பாதி திரும்ப வாய்க்காலுக்கே போய்விட்டது. மண்டபம் பக்கம் கடற்பாசியைப் பிழிந்து உரம் எடுக்கிறார்களாமே, இதையும் அப்படிச் செய்யலாமா ஐயா?
- ஒரு விவசாயி, திருத்துறைப்பூண்டி

பதில்: பிழிகிற வேலை வேண்டாம். அங்கே வளர்ப்பது கப்பாஃபைகஸ் என்ற கடற்பாசி. சாற்றைப் பயிருக்குத் தெளிப்பார்கள். சக்கையிலிருந்து ஐஸ்கிரீமைக் கெட்டியாக்கும் கராஜீனன் எடுப்பார்கள். உங்கள் வெங்காயத்தாமரை மாதிரியே அதுவும் வெளிநாட்டு வந்தேறிதான், மண்டபம் பக்கத்துக் குருசடைத் தீவின் பவளப்பாறையில் படர்ந்துவிட்டதாக 2008-லேயே எழுதினார்கள்.

உங்கள் செடியின் கதை வேறு. 100 கிலோ அள்ளினால் ஏறக்குறைய 95 கிலோ தண்ணீர். பச்சையாகக் குவித்தால் காற்றுப் புகாமல் கூழாகி நாறத்தான் செய்யும். தப்பு நடந்தது அங்கேதான்.

வாய்க்கால் விளிம்பை விட்டுத் தள்ளி, மேட்டில் பரப்பி, மூன்று நாலு நாள் நன்றாக வாட விடுங்கள். அப்புறம் துண்டாக வெட்டி, ஒரு சாண் செடி, மேலே கொஞ்சம் வைக்கோல், சாணிக் கரைசல் என்று மாற்றி மாற்றி இடுப்பு உயரத்துக்கு அடுக்குங்கள். ஒரு வாரத்தில் குவியலுக்குள் கை வைத்தால் சுட வேண்டும். சுடவில்லையென்றால் ஈரம் அதிகம், வைக்கோல் சேருங்கள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை புரட்டினால் இரண்டரை, மூன்று மாதத்தில் மக்கிவிடும்.

பூப்பதற்கு முன் அள்ளுவது முக்கியம். இதன் விதை சேற்றில் பல வருஷம் உயிரோடு கிடக்கும்.

இந்த உரத்தில் சாம்பல் சத்து (பொட்டாஷ்) நிறைய. வைக்கோலைக் கட்டு கட்டி விற்கும்போது வயலை விட்டுப் போவதும் பெரும்பாலும் அதே சத்துதான். அதோடு, வயலில் போட்ட யூரியா வடிந்து வாய்க்காலில் இறங்கியதைத் தின்றுதான் இது கொழுத்தது. உங்கள் காசுதான், திரும்ப எடுத்துக்கொள்கிறீர்கள்!

ஒரே எச்சரிக்கை. ஊர்ச் சாக்கடையோ ஆலைக் கழிவோ கலக்கும் இடத்துச் செடி ஈயம், காட்மியம் போன்ற நச்சு உலோகங்களை உறிஞ்சி வைத்திருக்கும், வேரில் அதிகமாக. அதைக் கீரைக்கும் நெல்லுக்கும் போடாதீர்கள். மாட்டுக்கும் காட்டாதீர்கள்.

ஜூன் 12-இல் மேட்டூர் திறந்தால் கடைமடைக்குத் தண்ணீர் வரச் சில நாள் ஆகும். சித்திரையிலேயே வாய்க்கால் வறண்டு கிடக்கும்போது அள்ளுங்கள். செடி பாதி வாடியே கைக்கு வரும், வண்டிக்கூலியும் மிச்சம்.